உப்பு விளையும் சீமையில் தைராய்டுக் குறைவு: உணவில் தள்ளத்தக்கவையும் அளவோடு கொள்ளத்தக்கவையும்

தூத்துக்குடிக் கடற்கரைக்கு முத்தும் உப்பும் தொன்றுதொட்டு இரு பெருஞ்செல்வங்களாக விளங்கி வந்தன. முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. உப்போ இன்றும் குறைவின்றி விளைகிறது. மில்லர்புரத்திலிருந்து நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. வடக்கே தருவைகுளம் பக்கமும் தெற்கே முள்ளக்காடு, ஆறுமுகநேரி பக்கமும் வெண்மையான உப்புக் குவியல்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் தென்படும். குஜராத் மாநிலத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்பளிப்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு இம்மாவட்டத்தினுடையது.

இத்தகைய சீமையில் தைராய்டு சுரப்பு குறைந்த நோயாளர்கள் பலர், பெரும்பாலும் பெண்மக்கள், எதை உண்பது எதைத் தள்ளுவது என்று அறியாமல் அல்லற்படுகின்றனர். கிராமங்களில் சுற்றுப்பயணம் செய்கையில் இது பற்றிய பேச்சு நம் காதில் விழாத நாள் குறைவு. ஒருவர் முட்டைக்கோசு கூடாது என்கிறார். மற்றொருவர் கம்பு கூடாது என்கிறார். வேறொருவர் மீன் கூடாது, அயோடின் கலந்த உப்பும் கூடாது என்று சொல்லிவிடுகிறார். இவ்வாறு விலக்கு நீண்டுகொண்டே போக, வைத்தியர் கொடுத்த மாத்திரையைக் காப்பியோடு விழுங்குவதும், சில மாதங்களில் அதை நிறுத்திவிடுவதும் வழக்கமாகிவிடுகின்றன. விலக்க வேண்டாததை விலக்கி, விலக்க வேண்டியதை விடாமல் பற்றியிருப்பதால் விளையும் தீங்கு சிறிதன்று. ஆகவே இப்பொருள் குறித்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

சுரப்பியும் அதன் வேலையும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. உணவிலுள்ள அயோடின் என்னும் தாதுவைக் கவர்ந்து, அதைக்கொண்டு தைராக்ஸின் முதலிய சுரப்பு நீர்களை உண்டாக்கி இரத்தத்தில் கலக்கச் செய்வது அதன் தொழில். உடலின் வெப்பம், இருதயத் துடிப்பு, குடலின் இயக்கம், குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய யாவும் இச்சுரப்பைச் சார்ந்தவை.

சுரப்பு குறைந்தால் உடல் சோர்ந்துவிடும். போதிய உணவு கொள்ளாவிடினும் எடை கூடும், முகம் உப்பும், தோல் வறளும், மயிர் உதிரும், மலச்சிக்கல் உண்டாகும், குரல் கம்மும், குளிர் தாங்காது, மாதவிலக்கு ஒழுங்கு தவறும். ஞாபக மறதியும் சேர்ந்துகொள்ளும். வீட்டார் இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வதும் உண்டு. ஒரு முறை இரத்தம் எடுத்துச் சோதித்தால் உண்மை விளங்கிவிடும்.

இக்குறைவுக்குக் காரணங்கள் பல. அயோடின் போதாமை ஒன்று. உடலின் காப்பு அணுக்களே சுரப்பியைப் பகையாகக் கருதி அழித்துவிடுவது மற்றொன்று. இதனை 1912ஆம் ஆண்டில் ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய வைத்தியர் விவரித்தார். அயோடின் உப்புப் பரவிய இடங்களில் இப்போது காணப்படும் நோயில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. சுரப்பியை அறுவை செய்து நீக்குவதாலும் குறைவு நேரிடும். சென்னை உள்ளிட்ட 8 இந்திய நகரங்களில் நடத்தப்பெற்று 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டுக் குறைவு இருந்ததாகக் கண்டனர். ஆதலின் இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோயன்று.

கடலுப்பில் அயோடின் உண்டா?

"நாம் கடலோரத்தார், நம் உப்பு கடலிலிருந்தே விளைகிறது, அயோடினுக்கு நமக்கு என்ன குறை?" என்று கேட்போர் பலர். இக்கேள்வி நியாயமானதே. கணக்கிட்டுப் பார்த்தால் விடை தெளிவாகும்.

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கியதில் ஒரு பங்கு. எழுபது ஆண்டு வாழ்பவருக்கு ஆயுள் முழுவதும் சேர்ந்து வேண்டுவது 4 கிராமுக்குள் அடங்கிவிடும். ஆயினும் அதை ஒரே நாளில் உண்டு சேமித்து வைக்க இயலாது. நாள்தோறும் சிறுகச் சிறுகக் கிடைத்தாக வேண்டும்.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் உள்ளன. அயோடினோ 50, 60 மைக்ரோகிராம் அளவே உள்ளது. அந்த அயோடின் முழுவதும் உப்போடு தங்கிவிடுவதாகவே வைத்துக்கொண்டாலும், 10 கிராம் உப்பில் 20 மைக்ரோகிராம்கூடத் தேறாது. உண்மையில் அவ்வளவும் தங்குவதுமில்லை. உப்பு பாத்தியில் பூத்தபின் வெளியேற்றப்படும் கசப்பு நீரோடு அயோடினில் பெரும்பகுதி போய்விடுகிறது. எனவே பாத்தியிலிருந்து வாரிய உப்பு எவ்வளவு வெண்மையாக இருப்பினும், அயோடினைப் பொறுத்தவரை அது வெற்றுப்பே ஆகும்.

உப்பளத்தை அடுத்து வாழும் குடும்பங்கள் பல கடையில் உப்பு வாங்குவதில்லை. வேலை முடிந்து திரும்புகையில் கொண்டுவரும் உப்பே அடுப்படி ஜாடியை நிரப்பிவிடும். ஊருக்கெல்லாம் உப்பு விளைவிப்போர் வீட்டிலேயே அயோடின் இல்லாத உப்பு வழங்குவது வருந்தத்தக்கது அன்றோ? 2018-19ஆம் ஆண்டில் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 76 எனவும், தமிழ்நாட்டில் 62 எனவும் காணப்பட்டது. மாநிலங்களின் வரிசையில் அன்று நம் மாநிலமே கடைசியில் நின்றது.

காங்க்ரா கற்பித்த பாடம்

அயோடின் உப்பின் பயனை நம் நாட்டில் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது காங்க்ரா பள்ளத்தாக்கில் நடந்த ஆராய்ச்சி. இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள அப்பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை மிகுதியாக இருந்தது. டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் 1956ஆம் ஆண்டு முதல் சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். இரண்டு வட்டாரங்களுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பெற்றன. ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, முதல் இரண்டிலும் பள்ளிப் பிள்ளைகளின் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மூன்றாவதில் மாறுதல் இல்லை. பின்னர் அம்மூன்றாவது வட்டாரத்துக்கும் அயோடின் உப்பு அளிக்கவே, அங்கும் கழலை குறைந்தது.

1962ஆம் ஆண்டில் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1992ஆம் ஆண்டில் அது அயோடின் குறைவு நோய்கள் அனைத்தையும் தடுக்கும் திட்டமாக விரிந்தது. மனிதர் நேரடியாக உண்பதற்கு அயோடின் கலவாத உப்பை விற்பது 2006ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. கடையில் விற்கும் உப்பில் பத்து லட்சம் பங்குக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருத்தல் வேண்டும். அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம். அத்தகைய உப்பு 10 கிராமில் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். இதைக் கலப்பதற்கு ஆகும் பொருளும் மிகச் சிறிதே: ஒரு டன் உப்பில் 30 பங்கு அயோடின் சேர்க்க 50 கிராம் பொட்டாசியம் அயோடேட் போதும். ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம், 1974ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரசு நிறுவனம். அயோடினோடு இரும்புச் சத்தும் கலந்த உப்பையும் அது தயாரித்து வந்துள்ளது.

நோயுற்றோர் அயோடின் உப்பை விலக்கலாமா?

தைராய்டுக் குறைவு உள்ளவர் அயோடின் உப்பை விட்டுவிட வேண்டும் என்பது தவறான கருத்து. சமையலில் சேரும் அளவான அயோடின் உப்பு அவருக்கும் தீங்கன்று. ஒருவருக்காக வீட்டு உப்பை மாற்றினால், அதே குழம்பை உண்ணும் கருவுற்ற மருமகளும் வளரும் குழந்தைகளும் அயோடினை இழப்பார்கள்.

விலக்க வேண்டியது மிகையான அயோடினை. மருந்துக் கடைகளிலும் விளம்பரங்களிலும் கடற்பாசிப் பொடி, கெல்ப் வில்லை என்று விற்கப்படுபவற்றில் அயோடின் அளவு கடந்து இருக்கக்கூடும். குளிர்கடல்களில் வளரும் கெல்ப் என்னும் பழுப்புப் பாசியில், உலர்ந்த ஒரு கிராமிலேயே ஒரு நாளைக்கு வேண்டியதைப்போல் பன்மடங்கு அயோடின் அடங்கியிருப்பதுண்டு. நலிந்த சுரப்பி மிகையான அயோடினைத் தாங்கமாட்டாது. இருக்கும் சுரப்பும் அடங்கிவிடும். "தைராய்டுக்கு அயோடின் நல்லதுதானே" என்று எண்ணி இவற்றைத் தாமே வாங்கி உண்ணுதல் கூடாது.

மீனை விலக்க வேண்டியதில்லை. சாளை, நெத்திலி, சீலா, இறால் முதலியவை புரதமும் ஓரளவு அயோடினும் தருகின்றன. ஆயினும் மீன் உண்பதால் அயோடின் உப்பு வேண்டாம் என்று முடிவு செய்துவிடக்கூடாது; மீன் கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு.

கோசும் முள்ளங்கியும்

முட்டைக்கோசு, காலிபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு ஆகிய ஓரினக் காய்கறிகளில், சுரப்பி அயோடினைக் கொள்வதைத் தடுக்கும் பொருள்கள் சிறிதளவு உள்ளன. இதுவே கோசின்மீது வந்த பழிக்கு மூலம். ஆனால் மூன்று செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, அப்பொருள்களை உண்டாக்கும் நொதி வேகவைத்தால் பெரிதும் அழிந்துவிடும். நாம் கோசைப் பொரியலாகவும், முள்ளங்கியைச் சாம்பாரிலும் உண்கிறோம். பச்சையாகக் கூடை கூடையாக உண்பதில்லை. இரண்டாவது, அயோடின் போதுமான அளவு கிடைப்பவருக்கு இத்தடை பெரிதாகப் பலிக்காது. மூன்றாவது, ஒருவருடைய சுரப்பி முற்றிலும் அழிந்து, அவர் மாத்திரையால் மட்டுமே தைராக்ஸின் பெறுகிறாராயின், சுரப்பியின் வேலையைத் தடுக்கும் பொருள் அவரை என்ன செய்துவிடும்? தடுப்பதற்கு அங்கே வேலையே நடைபெறவில்லை.

அளவு மீறினால் நேர்வது யாது என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவில் 88 வயதுச் சீன மூதாட்டி ஒருவர், சர்க்கரை நோய்க்கு நல்லது என்று எண்ணி, சீனக் கோசைப் பச்சையாகவே நாள்தோறும் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை பல மாதங்கள் உண்டுவந்தார். முடிவில் தைராய்டுக் குறைவு முற்றி, நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2010ஆம் ஆண்டில் வைத்தியப் பத்திரிகையொன்றில் இது வெளியாயிற்று. இதனின்று பெறத்தக்க பாடம் கோசைத் தொடாதே என்பதன்று. எதையும் மருந்தென்று நம்பி அளவின்றிப் பச்சையாக உண்ணாதே என்பதே. வாரத்தில் இரண்டொரு நாள் வேகவைத்த கோசுப் பொரியல் உண்பதில் தடையில்லை. இக்காய்களை அரைத்துச் சாறாகக் குடிப்பதைத்தான் விடவேண்டும்.

கம்பும் மரவள்ளியும்

ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், புதூர், கோவில்பட்டிக் கரிசல் காடுகளில் கம்பு பயிராகிறது. சிறுதானியங்களின் பெருமை நாடெங்கும் பேசப்படும் இக்காலத்தில், கம்பைக் குறித்து விவசாயிகள் உண்மையை அறிந்திருத்தல் நலம். கம்பில் சுரப்பியின் வேலையைத் தடுக்கும் ஒருவகைப் பொருள் உள்ளது. வேகவைப்பதால் அது நீங்குவதில்லை. சூடான் நாட்டின் மேற்கே டார்ஃபூர் பகுதியில், கம்பே முக்கிய ஆகாரமாயிருந்த கிராமங்களில் கழலை மிகுதியாகக் காணப்பட்டது. 1980களில் அங்கு நடந்த ஆராய்ச்சிகள் கம்பையும் ஒரு காரணமாகக் காட்டின. அவ்வூர்களில் அயோடினும் பற்றாமல் இருந்தது என்பதை நோக்க வேண்டும்.

ஆகவே கம்பை அறவே ஒழிக்க வேண்டுவதில்லை. மூன்று வேளையும், ஆண்டு முழுவதும், கம்பே உணவாகக் கொள்வதைத்தான் தைராய்டுக் குறைவு உள்ளவர் தவிர்க்க வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் கம்பங்கூழ் குடித்து, மற்ற நாட்களில் சோளம், கேழ்வரகு, அரிசி என மாற்றிக்கொள்ளலாம். கூழில் இடும் உப்பு அயோடின் உப்பாக இருத்தல் முக்கியம். கம்பும் அயோடின் அற்ற உப்பும் நாள்தோறும் கூடுவதே தீங்குக்கு வழி.

தென்பகுதியில் மரச்சீனிக் கிழங்கு எனவும் வழங்கும் மரவள்ளிக்கும் இதுவே பொருந்தும். மரவள்ளியில் உள்ள நச்சுப்பொருள் உடலினுள் மாறுதலடைந்து, அயோடின் சுரப்பியுட் புகுவதைத் தடுக்கிறது. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டு இட்ஜ்வித் தீவில், அயோடின் குறைந்த மண்ணும் மரவள்ளி உணவும் சேர்ந்து கழலையைப் பெருக்கியதை வைத்தியர்கள் கண்டறிந்தனர். கிழங்கைத் தோல் சீவி, துண்டாக்கி, நீரில் ஊறவைத்து, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் தீமை பெரும்பாலும் நீங்கும். எப்போதாவது மீன்குழம்போடு உண்பதை யாரும் தடுக்கவில்லை. அதையே அன்றாட ஆகாரமாக்க வேண்டாம்.

மாத்திரையும் காலைக் காப்பியும்

இதுகாறும் கூறியவற்றைவிட முக்கியமானது இனி வருவது. தைராய்டுக் குறைவுக்கு உணவு மட்டும் மருந்தாகாது. சுரக்காத தைராக்ஸினை மாத்திரையாக உட்கொள்வதே சிகிச்சை. அம்மாத்திரையோ மிக நுண்ணிய அளவினது. குடலில் அது நன்கு உட்கிரகிக்கப்படுவதற்கு வெறும் வயிறு வேண்டும். எனவே "எதை உண்ணலாம்" என்னும் கேள்வியோடு "எப்போது உண்ணலாம்" என்பதையும் கேட்க வேண்டும்.

காலையில் எழுந்தவுடன் வெறும் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பி, தேநீர், பால், பலகாரம் எதுவும் கொள்ளாதிருத்தல் வேண்டும். காப்பியோடு விழுங்கினால் மருந்தின் ஒரு பகுதி உடலிற் சேராமலே போய்விடும். சோயாவினால் செய்த உணவும் மருந்து சேர்வதைக் குறைக்கும். மீல்மேக்கர் எனப்படும் சோயா உருண்டைகளை மாத்திரை வேளைக்குத் தொலைவில், அளவோடு உண்ணலாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து ஆகியவற்றுக்கும் தைராக்ஸின் மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரம் விடவேண்டும்.

உப்பளத்து வேலைக்கு விடியுமுன்பே புறப்பட்டுப் போகும் பெண்களுக்கு இவ்வொழுங்கு எளிதன்று. எழுந்ததும் ஒரு குவளைத் தேநீர் அருந்தி ஓடவேண்டிய நிலையில் ஒரு மணி நேரம் காத்திருப்பது எங்ஙனம்? அவர்கள் வைத்தியரிடம் கேட்டு, இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரத்துக்குப் பின் படுக்கப் போகும்போது மாத்திரை கொள்ளும் முறையைப் பின்பற்றலாம். எம்முறையைக் கொண்டாலும் நாள்தோறும் ஒரே முறையாக இருத்தல் வேண்டும். மாத்திரையை அடுப்புக்கு அருகிலோ வெயில் படும் பலகணியிலோ வைத்தல் ஆகாது.

உடல் தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது பெரும்பிழை. தேறியது மாத்திரையினால்தான், நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலை திரும்பும். விரைவில் மெலிய வேண்டும் என்று தாமே அளவைக் கூட்டிக்கொள்வதும் இருதயத்துக்குக் கேடு. அளவை மாற்றுவது இரத்தச் சோதனையைக் கண்டு வைத்தியர் செய்ய வேண்டிய காரியம்.

கருவாடும் ஊறுகாயும்

தைராய்டுக் குறைவு உள்ளவருக்கு இரத்தத்தில் கொழுப்பும் இரத்த அழுத்தமும் கூடுவதுண்டு. ஆகவே எண்ணெயில் பொரித்த பண்டங்கள், இனிப்புகள், மைதாவினால் செய்தவை ஆகியவற்றைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அயோடின் உப்பு நல்லது என்பதற்காக உப்பையே மிகுதியாக உண்பதும் தவறு. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உப்பு மிகுதி. கருவாட்டுக்குப் பயன்படுவது பெரும்பாலும் அயோடின் கலவாத உப்பு. இவற்றைக் குறைத்து, அந்த இடத்தில் புதுமீனும் கீரையும் பயறும் சேர்த்தல் நன்று. நார்ச்சத்துள்ள உணவு மலச்சிக்கலைப் போக்கும். அதையும் மாத்திரைக்குப் பின் உரிய நேரம் கழித்தே கொள்க.

கருவுற்ற தாயும் பிறந்த குழந்தையும்

கருவின் மூளை தொடக்க மாதங்களில் தாயின் தைராக்ஸினைக் கொண்டே வளர்கிறது. கருவுற்றவளுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். முன்பே மாத்திரை கொண்டுவரும் பெண், "கர்ப்ப காலத்தில் மருந்து கூடாது" என்று யாரேனும் சொல்வதைக் கேட்டு நிறுத்தினால் குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கே ஊறு நேரும். நிறுத்துவதற்கு மாறாக, பெரும்பாலோர்க்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கருவுற்றது தெரிந்தவுடன் வைத்தியரைக் காணவேண்டும்.

இன்னொரு செய்தி கவனிக்கத்தக்கது. கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழங்கப்படுகின்றன. இரண்டும் மிகவும் தேவையானவை. ஆனால் மறந்துவிடாதிருக்க வேண்டுமென்று மூன்றையும் காலையில் ஒன்றாக விழுங்குவதால் தைராக்ஸின் பயனற்றுப் போகிறது. தைராக்ஸின் அதிகாலையில், சுண்ணாம்புச் சத்து மதிய உணவுக்குப் பின், இரும்புச் சத்து இரவில் என்று பிரித்துக்கொண்டால் மூன்றும் பயன் தரும்.

சில குழந்தைகள் சுரப்பி இல்லாமலோ அது வேலை செய்யாமலோ பிறக்கின்றன. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு இக்குறை இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பிறந்தபோது குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றும். பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்து, இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அக்குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போல வளர்ந்து பள்ளி செல்லும். மாதக்கணக்கில் தாமதித்தால் இழந்த அறிவை எந்த மருந்தும் மீட்டுத் தராது. ஆதலின் பிரசவமான இடத்தில் இச்சோதனையைக் கேட்டுப் பெறுவது பெற்றோர் கடமை.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இவ்விஷயத்தில் ஊராட்சிகள் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய பணிகள் சில உண்டு.

1. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் ஒன்றிலேனும் அயோடின் உப்பைக் குறித்துப் பேசச் செய்யலாம். அக்டோபர் 21 உலக அயோடின் குறைவு நோய்த் தடுப்பு நாள்; அதையும் பயன்படுத்தலாம்.

2. உப்பைச் சோதிக்கும் சிறு புட்டி மருந்து உண்டு. ஒரு சிட்டிகை உப்பின்மேல் ஒரு துளி விட்டால், அயோடின் இருப்பின் உப்பு நீலமாகவோ ஊதாவாகவோ மாறும். கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொணரும் உப்பைச் சோதித்துக் காட்டலாம். ஆயிரம் சொற்பொழிவு செய்யாததை அந்த ஒரு துளி செய்துவிடும்.

3. கடைகளில் பொட்டலத்தின்மேல் 'அயோடின் கலந்த உப்பு' என்ற சொற்களும், தயாரித்த தேதியும், உரிம எண்ணும் உள்ளனவா என்று பார்க்கச் செய்யலாம். தொழிலுக்கான உப்பு மூட்டையிலிருந்து உண்பதற்கு அளந்து விற்போர் இருந்தால், முதலில் எடுத்துச் சொல்லவேண்டும். கேளாவிடின் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

4. கல்லுப்பிலும் அயோடின் கலந்தது கிடைக்கிறது என்பதை ஊராருக்கு அறிவிக்க வேண்டும். அழுக்கு நீங்கவேண்டுமென்று கல்லுப்பைக் கழுவி உலர்த்துவது பல வீடுகளில் வழக்கம். அயோடின் உப்பின் மேற்பரப்பில் தெளிக்கப்படுவதால், கழுவினால் அது நீரோடு போய்விடும். உப்பைக் கழுவாமலும் வறுக்காமலும், மூடியுள்ள பாத்திரத்தில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்து, குழம்பை இறக்கும் தறுவாயில் சேர்த்தல் நலம்.

5. உடல் வீக்கம், ஓயாத சோர்வு, ஒழுங்கற்ற மாதவிலக்கு என்று சொல்லும் பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வேண்டுமாயின் அங்குள்ள வைத்தியர் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி காட்டுவார்.

சுருங்கக் கூறின், தைராய்டுக் குறைவு உள்ளவர் அறவே தள்ளவேண்டியவை சிலவே: கடற்பாசிப் பொடி, கெல்ப் வில்லை போன்ற மிகை அயோடின் பண்டங்கள், கோசு வகைகளின் பச்சைச் சாறு, மாத்திரையோடு சேரும் காப்பியும் பாலும். அளவோடு கொள்ள வேண்டியவை கம்பு, மரவள்ளி, சோயா, கருவாடு, ஊறுகாய், எண்ணெய்ப் பண்டங்கள், இனிப்புகள். விடாமற் கைக்கொள்ள வேண்டியவை வைத்தியர் குறித்த மாத்திரையும் அயோடின் கலந்த உப்பும்.

நம் உப்பளத் தொழிலாளர் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நின்று உழைப்பதால் நாட்டின் பல பகுதிகளில் சோறு சுவை பெறுகிறது. அவர்கள் வீட்டு உலையிலும் அயோடின் உப்பு விழுமாறு செய்வது ஒவ்வொரு பஞ்சாயத்தும் இவ்வாண்டே மேற்கொள்ளத்தக்க பணியாகும். வருகிற கிராம சபையில் சோதனைப் புட்டி ஒன்றை வரவழைத்து வைத்து, முதலில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் வீட்டு உப்பைக் கொண்டுவந்து சோதிப்பாராக.